ஓடி ஆடினால் கணக்கு வருமா?

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், வாய்ப்பாட்டுக்காக ஓர் ஓட்டப் பந்தயம் வைத்தேன். இரண்டு அணிகள், எதிர்க்கோடியில் ஒரு கரும்பலகை. நான் "ஏழெட்டு?" என்று குரல் கொடுத்ததும் அணிக்கு ஒருவர் ஓடிப்போய் விடையை எழுத வேண்டும். முக்கால் மணி நேரம் ஒரே ஆரவாரம். வியர்க்க விறுவிறுக்க, சிரித்த முகமாக எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் உட்காரவைத்துக் கேட்டேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று முன்பே தெரிந்த பிள்ளைகள் சொன்னார்கள். தெரியாத பிள்ளைகளுக்கு இன்னும் தெரியவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது மூன்று அல்லது நான்கு கேள்விகள். மிச்ச நேரமெல்லாம் வரிசையில் நின்று அணிக்காகக் கத்தியிருக்கிறார்கள். ஓட்டம் நன்றாக நடந்தது, வாய்ப்பாடு நடக்கவில்லை.

"விளையாட்டு வழியாகப் படித்தால் மனதில் பதியும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். பள்ளி விளம்பரத்தில் வருகிறது, பெற்றோர் கூட்டத்தில் வருகிறது, வாட்ஸாப்பில் தினம் ஒரு காணொளி வருகிறது. எதிர்ப்பக்கத்தில், "ஆடுவது ஆட்டம், படிப்பது படிப்பு. இரண்டையும் குழப்பாதீர்கள்" என்று சொல்லும் தாத்தாக்களும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது. பிள்ளை ஓடும்போது அதன் மண்டைக்குள் எது பாடமாக மாறுகிறது? அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப் போகிறோம்.

## ஒரே பெயரில் மூன்று விஷயங்கள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்களை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

வயல்வேலை செய்கிற ஒருவர் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறார். டீ அவருக்குத் தெம்பு தருகிறது, நாற்று நடத் தெரியாதவருக்கு நடக் கற்றுத்தராது. பாடத்துக்கு நடுவே எழுந்து குதித்து, கைகால் உதறிவிட்டு உட்காருவது இந்த முதல் வகை. இளைப்பாறும் ஆட்டம்.

இரண்டாவது, ஏற்றப்பாட்டு போன்றது. கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்தில் பாடிக்கொண்டே இறைப்பார்கள், பாட்டிலேயே எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கும் ஓடும். பாட்டு தண்ணீரைத் தூக்காது. ஆனால் பாட்டு இல்லாமல் நூறு சால் இறைக்கச் சலிப்பு தட்டிவிடும். இப்படி, அலுக்கும் பயிற்சியை அலுக்காமல் பலமுறை செய்யவைப்பது இரண்டாம் வகை.

மூன்றாவது, நீச்சல். நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். அங்கே உடலின் அசைவும் பாடமும் ஒன்றேதான். கணக்கிலும் அறிவியலிலும் மொழியிலும்கூட இப்படி அசைவே பாடமாகிற இடங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். மூன்றில் மிகவும் ஆழமாகப் போகக்கூடியது அது. நாம் மிகக் குறைவாகச் செய்துபார்ப்பதும் அதுதான்.

இங்கே ஒரு விளக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலை இதோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. அதில் பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்திய படிநிலைகளில் தத்தம் வேகத்தில் முன்னேறுவார்கள். அங்கே 'செயல்' என்றால் பிள்ளை தானே செய்து கற்பது. ஓட வேண்டும் என்பதில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் ஆட்டமும் கூடுதலாகவே உண்டு. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்து, இது மூன்றில் எந்த வகை என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## டீ இடைவேளை: நல்லது, ஆனால் அதற்கு மேல் இல்லை

முதல் வகையைச் சீக்கிரமே பேசி முடித்துவிடலாம். வகுப்பு நடுவே பத்து நிமிடம் உடலை அசைத்துவிட்டு உட்கார்ந்தால், அதன் பிறகு பிள்ளைகள் பாடத்தில் கவனமாக இருக்கும் நேரம் கூடுகிறது என்று அமெரிக்க வகுப்பறைகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆசிரியராக இருக்கும் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. படிப்புக்கு உதவாவிட்டால்கூட அது பிள்ளைக்கு வேண்டியதுதான். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்கும் வழக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

ஆனால் இதை வைத்து மிகையாகவும் சொல்லிவிடுகிறார்கள். 1980-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'பிரெய்ன் ஜிம்' என்ற பயிற்சிமுறை, காரை எலும்புக்குக் கீழே சில இடங்களைத் தேய்த்தால் மூளை விழித்துக்கொள்ளும் என்றும், இடது கையையும் வலது காலையும் மாற்றி மாற்றி அசைத்தால் மூளையின் இரு பக்கமும் இணையும் என்றும் சொல்லி உலகம் முழுக்கப் பரவியது. இதனால் படிப்பு ஏறும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. நம் ஊரில் தோப்புக்கரணத்தைப் பற்றியும் இப்படிப் பேசுகிறார்கள். தோப்புக்கரணம் கால்களுக்கு நல்ல பயிற்சி. அதைப் போட்டதால் மட்டும் வாய்ப்பாடு வராது. ஏன் வராது என்பதற்கு, மூளை ஒரு புதுச் செய்தியை எப்படிக் கையாளுகிறது என்று பார்க்க வேண்டும்.

## சமையல் மேடை

சின்ன வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முழ நீள மேடை இருக்கும். நறுக்கிய வெங்காயம் ஒரு தட்டு, ஊறவைத்த புளி ஒரு கிண்ணம், தாளிக்க ஒரு கரண்டி. அவ்வளவுதான் இடம். நான்காவதாக ஒரு பாத்திரத்தை வைத்தால் ஏதோ ஒன்று கீழே விழும். பக்கத்து அலமாரி பெரிது, அங்கே வருஷத்துக்கான சாமான் இருக்கிறது. ஆனால் சமையல் நடப்பது அந்த ஒரு முழ மேடையில்தான்.

மனமும் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த நிமிடம் நாம் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கும் செய்திகளுக்கான இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். பெரியவர்களுக்கே அதில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு புதுச் செய்திகளுக்கு மேல் நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு.

இதிலிருந்து ஓர் உடனடி முடிவு கிடைக்கிறது. ஒரு புது ஆட்டத்தைக் கொண்டுவந்து, "சிவப்பு வளையத்தில் நின்றால் கூட்டல், நீலத்தில் நின்றால் கழித்தல், விசில் ஊதினால் இடம் மாற வேண்டும், தப்பாகச் சொன்னால் வெளியே" என்று விதி சொன்னால், அந்த விதிகளே மேடையை நிறைத்துவிடும். கணக்கு வைக்க இடம் இருக்காது. பிள்ளை மும்முரமாக விளையாடும், விதிகளைக் கற்றுக்கொள்ளும், கணக்கு உள்ளே போயிருக்காது.

ஆகவே புது ஆட்டம் தேட வேண்டாம். பாண்டி, கல்லா மண்ணா, நாலு மூலை, ஒரு குடம் தண்ணி ஊத்தி என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கைவந்த ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் விதி அலமாரிக்குள் போய் வருஷக்கணக்காகிவிட்டது, மேடையில் இடம் பிடிக்காது. அந்த வெற்றிடத்தில் பாடத்தை வைக்கலாம். பழைய ஆட்டங்களை நான் விரும்புவது பழமைப் பற்றினால் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மேடைக் கணக்குதான் முதல் காரணம்.

இதுவரை பார்த்தது இது: உடல் அசைவு பிள்ளையை விழிப்பாக்கும், ஆனால் பாடத்தைத் தானாக உள்ளே அனுப்பாது. புதிதாகக் கற்கும் இடம் மிகச் சின்னது, ஆட்டத்தின் விதிகளே அதை அடைத்துவிடக் கூடாது.

## ஒற்றையடிப் பாதை

இப்போது இரண்டாம் வகை, ஏற்றப்பாட்டு வகை. புல்வெளியில் ஒருமுறை நடந்தால் தடம் தெரியாது. பத்துப் பேர் பத்து நாள் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். படித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் அந்தப் பாதையை அழுத்தமாகப் போடுகிறது. இதை மீட்டெடுத்தல் என்று சொல்லலாம். வாய்ப்பாடு, எழுத்துப்பிழையில்லாமல் எழுதுவது போன்றவை அதிகமும் இந்த வகைப் பாடங்கள். புரிந்தால் போதாது, நூறுமுறை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 12 தொடக்கப் பள்ளிகளில், சராசரியாக 8 வயதான 499 பிள்ளைகள். ஒரு பாதிக்கு இரண்டு வருடம், வருடத்துக்கு 22 வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, 20 முதல் 30 நிமிடம், நின்று குதித்தபடியே கணக்கும் மொழிப் பயிற்சியும். மறுபாதிக்கு வழக்கமான வகுப்பு. 2016-இல் முடிவு வெளியானது. குதித்துப் படித்தவர்கள் கணக்கின் வேகத்திலும், பொதுக் கணக்கிலும், எழுத்துக்கூட்டுவதிலும் மற்றவர்களைவிட நான்கு மாதப் பாடத்துக்கும் மேலாக முன்னால் இருந்தார்கள். வாசிப்பில் மட்டும் வித்தியாசம் இல்லை.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைப்பேன். குதிப்பதில் ஏதோ மந்திரம் இருந்திருந்தால் வாசிப்பும் கூடியிருக்க வேண்டும். என் புரிதல் இது: எதெல்லாம் பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகவேண்டியதோ அது கூடியது. ஏனென்றால் அந்த வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு கேள்விக்கும், தாங்களே விடை சொன்னார்கள். வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கவில்லை.

என் ஓட்டப் பந்தயம் தோற்றது அங்கேதான். அடுத்த வாரம் அதையே மாற்றினேன். வரிசை கிடையாது, கரும்பலகை கிடையாது. எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்று, நான் "ஆறேழு" என்றதும் மனதுக்குள் விடை கண்டு, பத்துகள் எத்தனையோ அத்தனை முறை கைதட்டி, ஒன்றுகள் எத்தனையோ அத்தனை முறை குதிக்க வேண்டும். நாற்பத்திரண்டு என்றால் நாலு தட்டு, இரண்டு குதி. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு முப்பது கேள்விக்கு மேல் கிடைத்தது. யாருக்குத் தெரியவில்லை என்பதும் எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் குதிப்பவர் அரை நொடி பிந்துவார்.

ஆட்டம் வைக்கும் யாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான்: பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை எத்தனை முறை தானாக யோசித்து விடை எடுத்தது? அது இருபதுக்கு மேல் இருந்தால் நல்ல ஆட்டம். மூன்று நான்கு என்றால் அது விளையாட்டு விழா.

## காலுக்கடியில் எண்கள்

மூன்றாம் வகைக்கு வருவோம்.

நாலு வயதுப் பிள்ளை ஒன்று முதல் பத்துவரை மளமளவென்று ஒப்பிக்கும். எட்டு பெரிதா, ஆறு பெரிதா என்று கேட்டால் விழிக்கும். அதற்கு எண்கள் ஒரு பாட்டின் சொற்கள் போல. எட்டு என்பது ஆறைத் தாண்டி இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது என்ற உணர்வு இன்னும் வரவில்லை. எண்களைச் சம இடைவெளியில் வரிசையாக அடுக்கிய கோட்டுக்கு எண்கோடு என்று பெயர், பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். கணக்கு நன்றாக வருகிறவர்களின் மனதுக்குள் அப்படி ஒரு கோடு இருக்கிறது. அது பிறக்கும்போதே முழுதாகக் கிடைத்துவிடுவதில்லை. கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு உளவியலாளர்கள் 2008-இல் ஒரு எளிய ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பத்து மழலைப் பிள்ளைகளுக்கு ஒரு பலகை ஆட்டம். பத்துச் சம கட்டங்கள் ஒரே நேர்கோட்டில், ஒன்று முதல் பத்துவரை எண் எழுதியது. ஒரு முள்ளைச் சுழற்றி, ஒன்று விழுந்தால் ஒரு கட்டம், இரண்டு விழுந்தால் இரண்டு கட்டம் காயை நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்தில் நாலு தடவை, மொத்தம் ஒரு மணி நேரம் போல. அதற்கே அந்தப் பிள்ளைகளுக்கு எண்களை ஒப்பிடுவதும், கோட்டில் எண் எங்கே வரும் என்று காட்டுவதும் தெளிவாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் இருந்த பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. அடுத்த வருடம் அதே கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தார்கள். வட்டப் பலகை அந்த அளவுக்குப் பயன் தரவில்லை!

அதே எண், அதே விளையாட்டு, அதே உற்சாகம். வடிவம் மட்டும்தான் மாறியது. நேர்கோட்டில் கை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு எண் பெரிது. எட்டுக்குப் போக அதிக நேரமும் அதிக நகர்வும் வேண்டும். கையின் பயணமே எண்ணின் அளவு. வட்டத்தில் பத்துக்குப் போனால் ஒன்றின் பக்கத்தில் வந்து நிற்கிறோம், அந்த அளவு குழம்பிப்போகிறது. இப்படி உடலின் அசைவும் இருப்பும் நம் எண்ணத்தையே வடிவமைப்பதை உடல்வழி அறிதல் என்கிறார்கள்.

2011-இல் ஜெர்மனியில் இன்னொரு படி போனார்கள். நடனப் பாய் என்று ஒன்று உண்டு, மிதித்தால் கணினிக்குத் தெரியும். மழலைப் பிள்ளைகள் அதில் நின்று, ஓர் எண் மற்றதைவிடச் சிறிது என்றால் இடப்புறமும் பெரிது என்றால் வலப்புறமும் அடி எடுத்துவைத்தார்கள். இதே மாதிரிப் பயிற்சியைத் திரையில் மட்டும் செய்த நேரத்தைவிட, முழு உடலால் செய்தபோது எண்கோட்டில் அவர்களின் மதிப்பீடு அதிகம் மேம்பட்டது.

இதையெல்லாம் செய்ய நமக்கு நடனப் பாய் வேண்டாம், சுண்ணக்கட்டி போதும். ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பரமபதம் ஆடும்போது பிள்ளை 34-இல் நிற்கிறது, தாயத்தில் மூன்று விழுகிறது. காயை நகர்த்தும்போது பொதுவாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணும். அதை "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்தேழு" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014-இல் நூறுவரை போகும் பலகையில் இதைச் சோதித்தார்கள். கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்த பிள்ளைகளுக்கு எண்ணறிவு கூடியது, ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்குக் கூடவில்லை. ஒரே பலகை, ஒரே ஆட்டம், வாய் என்ன சொல்கிறது என்பதில்தான் வேறுபாடு. இன்றைக்கே வீட்டில் செய்யக்கூடியது இது.

## இரண்டு மைனஸ்

பெரிய பிள்ளைகளுக்கு எண்கோட்டின் அருமை தெரிவது ஆறாம் வகுப்பில், முழுக்கள் பாடத்தில். "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்று ஒரு சொல்லடை எல்லா வகுப்பிலும் உலவுகிறது. பிள்ளை அதை நம்பி −2 − 3 என்ற கணக்குக்கு 5 என்று விடை எழுதும். சொல்லடையின்படி பார்த்தால் அது சரிதானே, இரண்டு மைனஸ் இருக்கிறதே! சிக்கல் என்னவென்றால் மைனஸ் குறி இரண்டு வேலை பார்க்கிறது. ஓரிடத்தில் 'கழி' என்ற கட்டளை. இன்னோரிடத்தில் 'இது பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குறை எண்' என்ற அடையாளம். காகிதத்தில் இரண்டும் ஒரே சின்னக் கோடு. நடந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு அசைவு.

தரையில் −6 முதல் 6 வரை ஓர் அடிக்கு ஓர் எண்ணாக எழுதுங்கள், பூஜ்யம் நடுவில், கூடும் எண்கள் வலப்பக்கம். விதி இரண்டே இரண்டு. கட்டளைக் குறி முகத்துக்கு: கூட்டல் என்றால் வலப்பக்கம் பார், கழித்தல் என்றால் இடப்பக்கம் பார். எண்ணின் குறி காலுக்கு: சாதாரண எண் என்றால் முன்னால் நட, குறை எண் என்றால் பின்னால் நட.

−2 − 3: பிள்ளை −2-இல் நிற்கிறது. கழித்தல், ஆகவே இடப்பக்கம் திரும்புகிறது. 3 சாதாரண எண், மூன்றடி முன்னால். வந்து நிற்பது −5. 5 என்று எழுதிய பிள்ளை இங்கே தன் காலைப் பார்த்துவிட்டு, தான் எழுதியதைப் பார்க்கும்.

2 − (−3): 2-இல் நிற்கிறது. கழித்தல், இடப்பக்கம் திரும்புகிறது. எண் குறை எண், ஆகவே பின்னால் மூன்றடி. இடப்பக்கம் பார்த்துக்கொண்டே பின்னால் போனால் உடல் வலப்பக்கம் நகர்கிறது. நிற்குமிடம் 5. கழித்தால் எப்படிக் கூடும் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, முதுகுப் பக்கமாக நடந்து கூடிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் அந்த முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விதியை ஒப்பித்தபோது வராத ஒரு தெளிவு அதில் வரும்.

## கோணம், நிலா, மாத்திரை

இதே தன்மை உள்ள இடங்கள் மற்றப் பாடங்களிலும் இருக்கின்றன.

கோணத்தின் கைகள் நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். கோணம் என்பது திரும்பிய அளவு என்பதைப் படம் சொல்வதில்லை. ஒரு பிள்ளை கையில் நீளக் கம்பு, இன்னொரு பிள்ளை கையில் அடிஸ்கேல். இருவரும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியர் சொல்வதுபோல் வலப்பக்கம் திரும்பட்டும். இருவரும் திரும்பியது 90 பாகைதான். கம்பின் நீளத்துக்கும் திரும்பியதற்கும் தொடர்பில்லை என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. "அப்படியானால் நிலா தன்னைத்தானே சுற்றுகிறதா?" என்று கேட்டால் பெரியவர்களே இல்லை என்பார்கள். ஒரு பிள்ளை பூமியாக நடுவில் நிற்கட்டும். இன்னொரு பிள்ளை நிலாவாக, பூமியின் முகத்தையே பார்த்தபடி ஒரு வட்டம் வரட்டும். வந்ததும் கேளுங்கள்: அறையின் எந்தெந்தச் சுவரை நீ பார்த்தாய்? நான்கையும் பார்த்திருக்கும். திரும்பாமல் நான்கு சுவரையும் பார்க்க முடியாது. ஆக, ஒருமுறை பூமியைச் சுற்றி வருவதற்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றியிருக்கிறது. இரண்டுக்கும் ஆகும் காலம் ஒன்றே, ஏறக்குறைய 27 நாள். அதனால்தான் மறுபக்கம் நமக்குத் தெரிவதில்லை.

மொழிப்பாடத்தில் குறில், நெடில். மாத்திரை என்ற கால அளவை நம் இலக்கணம் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று உடலை வைத்தே சொல்லியிருக்கிறது. அதையே தரைக்குக் கொண்டுவரலாம். குறிலுக்கு ஒரு தட்டு நேரம் காலூன்றி நில், நெடிலுக்கு இரண்டு தட்டு. 'படம்' என்று நடப்பதும் 'பாடம்' என்று நடப்பதும் வேறாகிவிடும். 'கல்', 'கால்' இரண்டையும் குழப்பி எழுதும் பிள்ளைக்கு இது உதவும்.

ஆனால் ல, ள, ழ பாடத்துக்கு அறையின் மூன்று மூலையில் மூன்று எழுத்தை ஒட்டி ஓடவைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்துக்கும் அந்த ஒலிகளுக்கும் என்ன உறவு? பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததை எடுத்துப் பார்க்கும் பயிற்சியாக, இரண்டாம் வகையாக, அது பரவாயில்லை. வேறுபாட்டைக் கற்றுத்தர அது போதாது. அங்கே அசைய வேண்டிய உறுப்பு கால் இல்லை, நாக்கு. ல-வுக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ள-வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு வளைந்தும் தொடாமல் நிற்கும். கண்ணாடி முன்னால் நின்று அதைச் செய்துபார்ப்பதுதான் அந்தப் பாடத்தின் உண்மையான உடல் விளையாட்டு.

இப்போது ஒரு சோதனை கைக்கு வந்துவிட்டது. ஓர் ஆட்டத்தில் பிள்ளை பாடத்தில் தவறு செய்தால், அதன் உடல் தவறான இடத்தில் போய் நிற்குமா? நின்றால் அசைவும் பாடமும் ஒட்டியிருக்கின்றன. குதிப்பதற்குப் பதில் கைதட்டினாலும், ஓடுவதற்குப் பதில் உட்கார்ந்தாலும் பாடத்தில் ஒன்றும் மாறாது என்றால், அது ஏற்றப்பாட்டு வகை. இரண்டும் வேண்டும். எது எது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

## "என் பையன் கினஸ்தெடிக் லேர்னர்"

இந்தச் சொல் பெற்றோரிடையே பரவிவிட்டது. சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் அசைந்து கற்பவர்கள், அந்தந்தப் பாணியில் சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும் என்பது இதன் அடிப்படை. 2008-இல் நான்கு உளவியலாளர்கள் சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து, இதை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். கற்றல் பாணிக்கு ஆதாரமாகப் பலர், அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பல்வகை அறிவுத்திறன் கொள்கையைக் காட்டுவார்கள். கற்றல் பாணி என்பது தான் சொன்னது இல்லை என்று கார்ட்னரே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

எண்கோட்டில் நடப்பது துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கு மட்டும் உதவுவது இல்லை. மூலையில் அமைதியாக உட்காரும் பிள்ளைக்கும் உதவும், ஏனென்றால் எண்ணுக்கே தூரம் என்ற தன்மை இருக்கிறது. அசைவு தேவையா என்பதைப் பாடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு பிள்ளையை 'இவன் அசைந்தால்தான் கற்பான்' என்று எட்டு வயதில் முத்திரை குத்தினால், அவன் உட்கார்ந்து வாசிக்கவேண்டிய நாளில் அந்த முத்திரையே அவனுக்குத் தடையாகும். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

## தரையிலிருந்து நோட்டுக்கு

கடைசியாக, பலரும் விட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது. பிள்ளை தரையில் அழகாக நடந்து விடை சொல்லும். நோட்டில் அதே கணக்கைக் கொடுத்தால் தடுமாறும். ஆட்டத்தில் கற்றது ஆட்டத்திலேயே தங்கிவிடும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் கோல்டின்-மெடோவும் அவருடன் வேலை செய்தவர்களும் பல வருடங்களாகக் கைச்சைகைகளை ஆராய்ந்தவர்கள். அவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: 3 + 5 + 4 = ? + 4. பல பிள்ளைகள் சமக்குறியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கூட்டி 12 என்றோ 16 என்றோ எழுதிவிடும். சமக்குறியின் இரு பக்கமும் நிகராக வேண்டும் என்பது புரிந்தால்தான் 8 வரும். ஒரு குழுப் பிள்ளைகள் 3, 5 என்ற காந்த எண்களை உண்மையாகவே கையில் எடுத்து வெற்றிடத்தில் வைத்தார்கள். இன்னொரு குழு, எடுத்து வைப்பதுபோல் கையால் பாவனை மட்டும் செய்தது. மூன்றாவது குழு இரண்டு விரலை அகட்டி 3, 5 இரண்டையும் சுட்டிவிட்டு, பிறகு ஒரு விரலால் வெற்றிடத்தைச் சுட்டியது. 2014-இல் வெளியான முடிவு: சொல்லிக்கொடுத்த வகைக் கணக்கை மூன்று குழுவும் கற்றுக்கொண்டன. ஆனால் வேறு வடிவில் கொடுத்தபோது, பொருளை எடுத்துவைத்த குழு பின்தங்கியது, சைகை செய்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பொருளோடு ஒட்டிய அசைவு பொருளோடு நின்றுவிட்டது. சைகை பொருளை விட்டுப் பிரிந்ததால், எண்ணமாக மாறிக் கூடவே வந்தது.

ஆகவே முதல் நாள் தரைக்கோட்டில் நடக்கட்டும். இரண்டாம் நாள் அதே கோட்டை மேசையில் ஒரு முழ நீளத்தில் வரைந்து, இரண்டு விரலால் நடக்கட்டும். திரும்புவது, பின்னால் போவது எல்லாம் விரலாலேயே. மூன்றாம் நாள் கோடு இல்லாமல், காற்றில் கையை மட்டும் திருப்பி அசைக்கட்டும். நான்காம் நாள் கையைக் கட்டிக்கொண்டு, மனதில் நடந்து, விடையை மட்டும் நோட்டில் எழுதட்டும். ஒவ்வொரு படியிலும் அசைவு சிறுத்துக்கொண்டே போகிறது, கணக்கு அப்படியே இருக்கிறது.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் மாலைப் பாடத்துக்கு நடக்க முடியாத ஒரு சிறுமி வருகிறாள். தொடக்கத்தில் மற்றவர்கள் தரையில் நடக்கும்போது அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் அவள் மடியில் ஒரு பலகை வைத்து, அதில் எண்கோடு வரைந்து, எல்லோரும் நடக்கும் அதே நேரத்தில் அவளும் இரண்டு விரலால் நடந்தாள். நான்காம் நாள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு 1 − (−4) கணக்குக்கு விடை எழுதியபோது, அவள் நோட்டைத்தான் முதலில் நீட்டினாள். 5 என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் பென்சிலால் இடப்பக்கம் பார்த்த இரண்டு சின்னக் காலடிகளும் வரைந்திருந்தாள்.